நிர்மல் ஜித் சிங் சேகோன்: குண்டு விழுந்த ரன்வேயில் இருந்து கிளம்பியவர்!

‘பார்டர் 2’ இந்திப் படத்துக்காக தில்ஜித் தோசாஞ்ச் விமானப்படை உடையில் நிற்கும் ஸ்டில்லை ரீல்ஸில் எங்காவது பார்த்திருப்பீங்க. அந்த கேரக்டர் கற்பனை இல்லை. ஃப்ளையிங் ஆஃபீஸர் நிர்மல் ஜித் சிங் சேகோன் என்ற நிஜ மனிதர். இந்திய விமானப்படையில் பரம் வீர் சக்ரா வாங்கிய ஒரே ஆள். 1950-ல் தொடங்கிய அந்த விருதை இதுவரை 21 பேர்தான் வாங்கியிருக்காங்க. அதில் 20 பேர் தரைப்படைக்காரர்கள். மீதி ஒருத்தர் இவர்.

டி.என்.பி.எஸ்.சி-க்குப் படிக்கிறவங்களுக்கு இந்த ஒரு வரி போதும், ஒரு மார்க் உறுதி. ஆனால், அந்த ஒரு வரிக்குப் பின்னால் சில நிமிஷ சண்டை ஒன்று இருக்கு. அதைத் தெரிஞ்சுக்கிட்டாதான் ஏன் இவர் மட்டும் என்பது புரியும்.

பஞ்சாப் மாநிலம் லூதியானா பக்கத்தில் இசேவால்னு ஒரு கிராமம். சேகோனின் ஊர் அது. அப்பாவும் விமானப்படையில் இருந்தவர். ஸோ, விமானச் சத்தம் அந்த வீட்டுக்குப் புதுசு இல்லை. 1967 ஜூன் 4-ம் தேதி விமானப்படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். பிறகு அம்பாலாவில் இருந்த 18-வது ஸ்குவாட்ரனுக்கு வந்தார். அதன் பெயர் ‘ஃப்ளையிங் புல்லட்ஸ்’. அங்கே எல்லோரும் இவரைக் கூப்பிட்டது ‘பிரதர்’னு. காரணம் சிம்பிள், இவர் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவாராம். 1971-ல், போர் வெடிப்பதற்குச் சில மாதங்கள் முன்புதான் கல்யாணம் ஆகியிருந்தது.

கொசு சைஸ் விமானம்

சேகோன் ஓட்டியது ‘நாட்’ ரக விமானம். இங்கிலீஷில் அந்தப் பெயருக்கு அர்த்தமே கொசு மாதிரியான ஒரு குட்டிப் பூச்சிதான். பிரிட்டனில் வடிவமைத்து, பெங்களூரு ஹெச்.ஏ.எல் தொழிற்சாலையில் உரிமம் வாங்கித் தயாரித்தார்கள். நீளம் சுமார் 8.7 மீட்டர். நம்ம ஊர் டவுன் பஸ்ஸே இதைவிட நீளம். உள்ளே ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு இன்ஜின், இரண்டு 30 மி.மீ. பீரங்கிகள். அவ்வளவுதான்.

எதிரே பாகிஸ்தானிடம் இருந்தது அமெரிக்கத் தயாரிப்பான ‘சேபர்’. நாட்டைவிடப் பெரியது, கொரியப் போரில் பேர் வாங்கியது. ஆனால், 1965 போரில் இந்தக் கொசு அந்தப் பெரிய விமானத்தைத் திணறடித்தது. அதனால் ‘சேபர் ஸ்லேயர்’ என்ற பட்டப்பெயரே நாட்டுக்கு வந்துவிட்டது. சைஸ் சின்னது என்பதால் வானத்தில் கண்ணில் படுவதே கஷ்டம். சட்டெனத் திரும்பும், வேகமாக மேலே ஏறும். குறையே இல்லையான்னா, இருக்கு. முக்கியமான நேரத்தில் பீரங்கி ஜாம் ஆகும். கன்ட்ரோல் சிஸ்டமும் அப்பப்போ மக்கர் பண்ணும். இந்த இரண்டாவது குறையைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கங்க.

ஏன் ஸ்ரீநகர்?

1948-ம் வருஷ சர்வதேச ஒப்பந்தம் காரணமாக, அதுவரை ஸ்ரீநகரில் வான் பாதுகாப்பு விமானங்களை நிறுத்தி வைத்ததில்லை. 1971 டிசம்பர் 3-ம் தேதி போர் ஆரம்பித்த நேரத்தில்தான் 18-வது ஸ்குவாட்ரனின் ஒரு பிரிவு அங்கே பாதுகாப்புக்கு நின்றது. அதாவது, சேகோனுக்கு அந்த மலைகள் பழக்கமில்லை. கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேலே இருக்கிற இடம், டிசம்பர் குளிர் வேறு. சுற்றிலும் மலை என்பதால், தாழ்வாகப் பறந்து வருகிற விமானத்தை முன்கூட்டியே கண்டுபிடிப்பதும் சிரமம். எதிரி வருகிறான்னு தெரியும்போது அவன் தலைக்கு மேலேயே இருப்பான்.

டிசம்பர் 14 காலையில் நடந்தது அதுதான். பெஷாவரில் இருந்து கிளம்பிய ஆறு சேபர்கள் ஸ்ரீநகர் விமானதளத்தைத் தாக்க வந்தன. அப்போது உடனே கிளம்பத் தயார் நிலையில் இருந்தவை இரண்டு நாட்கள். ஒன்றில் ஃப்ளைட் லெப்டினன்ட் கும்மன், அவருக்கு ஜோடியாக இன்னொன்றில் சேகோன்.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கணும். போர் விமானத்துக்கு மிக ஆபத்தான நேரம், டேக் ஆஃப். வேகம் இருக்காது. இடது வலது திரும்ப முடியாது. எல்லோருக்கும் தெரிந்த ஒரே நேர்கோட்டில் ஓடியாகணும். மேலே இருக்கிறவனுக்கு அது திருவிழா பலூன் சுடுற மாதிரி. போதாததுக்கு ரன்வேயில் குண்டு விழுந்து பள்ளமாகிவிட்டால், விமானம் தானாகவே சிதறும். அந்த நேரத்தில் காக்பிட்டை விட்டு இறங்கி பதுங்குகுழிக்கு ஓடியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டாங்க.

முதலில் கும்மன் கிளம்பினார். பின்னாலேயே, குண்டு விழுந்துகொண்டிருந்த ரன்வேயில், சேகோனும் கிளம்பிவிட்டார். மேலே போனதும் இருவரும் ஒருவரை ஒருவர் தவறவிட்டார்கள். கும்மனால் கடைசிவரை இவரோடு சேர முடியவில்லை. ஸோ, ஆறு பேருக்கு நடுவில் சேகோன் தனி ஆள்.

ஆனால், அவர் தப்பிக்கப் பார்க்கவில்லை. தாக்கிவிட்டுத் திரும்பிய இரண்டு சேபர்களின் பின்னால் போய் ஒட்டிக்கொண்டார். ஒன்றின் மேல் குண்டு பட்டது, இன்னொன்று தீப்பிடித்தது என்கிறது பரம் வீர் சக்ரா விருதுக் குறிப்பு. அதற்குள் மற்ற சேபர்கள் உதவிக்குத் திரும்பி வந்துவிட்டன. இப்போது ஒன்றுக்கு நான்கு. சண்டை நடந்த உயரம் எவ்வளவு தெரியுமா? மர உச்சி அளவு. அந்த உயரத்தில் வட்டமடிக்கும்போது கை கொஞ்சம் தவறினாலும் தரைதான்.

கடைசியில் சேகோனின் விமானம் அடி வாங்கியது. தன் மேல் குண்டு பட்டுவிட்டது, நீங்க வந்து பார்த்துக்கங்க என்கிற அர்த்தத்தில் கும்மனுக்கு ரேடியோவில் சொன்னதுதான் அவருடைய கடைசித் தகவல். தளத்துக்குத் திரும்பச் சொல்லி அறிவுரை வந்தது. விமானம் கொஞ்ச தூரம் நேராகப் பறந்தது. பிறகு தலைகீழாகப் புரண்டு கீழே பாய்ந்தது. கன்ட்ரோல் சிஸ்டம் செயலிழந்திருக்கலாம் என்பதுதான் கணிப்பு. கடைசி நொடியில் வெளியே குதிக்க முயன்றிருக்கிறார். காக்பிட்டின் மேல்மூடி பிய்த்துக்கொண்டு பறந்ததைக் கீழே இருந்தவர்கள் பார்த்தார்கள். ஆனால், பாராசூட் விரிய உயரம் போதவில்லை.

இரண்டே நாள் கழித்து, டிசம்பர் 16-ம் தேதி, டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. போர் முடிந்துவிட்டது.

எத்தனை விழுந்தது?

வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளில் இந்தக் கதை வரும்போது, சேகோன் இரண்டு சேபர்களை வீழ்த்தினார்னு அடித்துச் சொல்வாங்க. சிலதில் எண்ணிக்கை இன்னும் ஏறும். விருதுக் குறிப்பில் இருப்பது மேலே சொன்ன அளவுதான். பாகிஸ்தான் தரப்போ, தங்கள் ஆறு விமானங்களும் திரும்பி வந்தன என்கிறது. வான்போரில் இப்படி இரண்டு கணக்கு இருப்பது சகஜம். நம்மைக் கேட்டால், எண்ணிக்கையை ஏற்றிச் சொல்லித்தான் இவரைப் பெரிய ஆளாக்கணும்னு எந்த அவசியமும் இல்லை. அந்த ரன்வேயில் அந்த நேரத்தில் த்ராட்டிலைத் தள்ளியதை இரண்டு தரப்பும் மறுக்கலையே!

இன்னொரு சாட்சியும் இருக்கு. சேகோனைச் சுட்டு வீழ்த்திய பாகிஸ்தான் விமானி சலீம் பெய்க் மிர்ஸா, பிற்பாடு அந்தச் சண்டையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் சேகோனின் திறமையைப் பாராட்டியிருக்கிறார். எதிரில் நின்று சண்டை போட்டவனே கொடுக்கிற சர்ட்டிஃபிகேட்டைவிட வேறென்ன வேணும்?

உடல் கிடைக்கவே இல்லை

நாட் விமானத்தின் சிதைவுகள் ஒரு மலை இடுக்கில் கிடைத்தன. சேகோன் கிடைக்கவில்லை. ராணுவமும் விமானப்படையும் பலமுறை தேடின. மலைப் பிரதேசம், பனிக்காலம். பலன் இல்லை. புதுசாகக் கல்யாணமான மனைவிக்கும், அதே படையில் வேலை பார்த்த அப்பாவுக்கும் இறுதிச்சடங்கு செய்யக்கூட எதுவும் மிஞ்சவில்லை.

அதனாலோ என்னவோ, அவர் பெயர் வேறு வேறு இடங்களில் போய் உட்கார்ந்திருக்கு. லூதியானாவில் சிலை. தில்லி தேசிய போர் நினைவிடத்தில், பரம் வீர் சக்ரா பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகளில் ஒன்று. ஷிப்பிங் கார்ப்பரேஷன் ஒரு எண்ணெய்க் கப்பலுக்கு இவர் பெயரை வைத்திருந்தது. 2023 ஜனவரி 23-ம் தேதி அந்தமானில் பெயரில்லாமல் இருந்த 21 பெரிய தீவுகளுக்கு இந்த 21 பேரின் பெயரைச் சூட்டினார்கள். அதில் ஒன்று சேகோன் தீவு.

கோயம்புத்தூர்காரர்களுக்கு இன்னும் பக்கத்தில் ஒரு தொடர்பு இருக்கு. சேகோனின் அதே 18-வது ஸ்குவாட்ரன், பழைய மிக்-27 விமானங்களோடு 2016-ல் ஓய்வுக்குப் போனது. நான்கு வருஷம் கழித்து, 2020 ஏப்ரல் 1-ம் தேதி அதை மறுபடி உயிர்ப்பித்தார்கள். இடம், சூலூர் விமானப்படைத் தளம். இந்த முறை கையில் கொடுத்தது தேஜஸ். அதுவும் ஒற்றை இன்ஜின், அதுவும் சின்ன சைஸ், அதுவும் பெங்களூரு ஹெச்.ஏ.எல் தயாரிப்புதான்.