பஞ்சாரம், ஹாஜல், பலோ: கொல்லைப்புறக் கோழி வளர்ப்பின் எழுதப்படாத கருவி வரலாறு

இந்தியாவில் கோழியின் வரலாறு ஓரளவு எழுதப்பட்டுள்ளது. கோழியை வளர்க்கப் பயன்பட்ட கருவிகளின் வரலாறு எழுதப்படவில்லை. மூங்கிலும் களிமண்ணும் வைக்கோலும் சாணமும் மண்ணில் மக்கிவிடுபவை. அவற்றைச் செய்தவர்களும் கையாண்டவர்களும் ஆவணம் எழுதும் இடத்தில் இருந்தவர்கள் அல்லர். எனவே இவ்வரலாற்றை நூல்களின் ஓரக்குறிப்புகளிலிருந்தும் சொற்களிலிருந்துமே மீட்க வேண்டியுள்ளது.

பழைய சான்றுகள் கோழியைக் காட்டுகின்றன, கூட்டைக் காட்டுவதில்லை. அசோகர் முடிசூடி 26 ஆண்டுகள் கழிந்தபின் வெளியிட்ட ஐந்தாம் தூண் கட்டளை, சேவலுக்கு விதையடிப்பதைத் தடைசெய்கிறது. அதாவது, கறிக்காகச் சேவலைக் கொழுக்கவைக்கும் தொழில்நுட்பம் அன்றே வழக்கில் இருந்தது. பதஞ்சலியின் மகாபாஷ்யம், ஊர்க்கோழி உண்ணத்தகாதது என்றால் காட்டுக்கோழி உண்ணத்தக்கது என்பது தானே பெறப்படும் என்று ஒரு தர்க்க எடுத்துக்காட்டைத் தருகிறது. இலக்கணத்தை விளக்க ஒருவர் கையிலெடுக்கும் அளவுக்கு ஊர்க்கோழி, காட்டுக்கோழி என்ற பாகுபாடு அன்றாட அறிவாக இருந்தது. ஆனால் அந்த ஊர்க்கோழி இரவில் எங்கே அடைந்தது என்பதைப் பற்றி இவ்விரு சான்றுகளும் பேசவில்லை.

இங்கே சொற்கள் துணைக்கு வருகின்றன. தமிழில் கோழிகளைக் கவிழ்த்து மூடும் பெரிய கூடை ‘பஞ்சாரம்’. கூண்டைக் குறிக்கும் ‘பஞ்ஜர’ என்னும் வடசொல்லோடு இது தொடர்புடையது எனக் கருதப்படுகிறது. அவ்வடசொல்லுக்கு எலும்புக்கூடு என்ற பொருளும் உண்டு. இந்தியில் அது ‘பிஞ்ஜ்ரா’ என்று கூண்டாக நின்றது. வங்காளத்தில் ‘பாஞ்ஜர்’ என்று விலா எலும்பாயிற்று. விலா எலும்புகளைப் போல வளைந்த மூங்கிற் பிளாச்சுகளை நோக்கினால் இப்பொருள் உறவு விளங்கும்.

வேறு சில பெயர்கள் மற்றொரு செய்தியைத் தருகின்றன. தெலுங்கில் கோழியை மூடும் ‘கம்ப’ என்பது பொதுவாகக் கூடையைக் குறிக்கும் சொல். வங்காளத்தில் குஞ்சுகளைக் காக்கக் கவிழ்க்கப்படும் ‘பலோ’, அடிப்படையில் ஆழமற்ற நீரில் மீனின்மேல் குத்திப் பிடிக்கும் பொறி. தமிழகத்து ஊத்தாவின் உறவு. அதாவது, இக்கருவிகளிற் பல கோழிக்கென்றே பிறந்தவை அல்ல. வேறொரு தொழிலுக்குச் செய்யப்பட்ட பொருள் கோழியிடம் வந்து இரண்டாம் வாழ்வு பெற்றது. செலவு குறைந்தமைக்கும், கருவி கண்ணில் படாமற்போனமைக்கும் காரணம் இது ஒன்றே. அருங்காட்சியகத்தில் ‘பலோ’ மீன்பொறி என்ற அட்டையின் கீழ் நின்றுவிடுகிறது. அதனடியில் வளர்ந்த குஞ்சுகளுக்கு அங்கே இடமில்லை.

கோழிக்கென்றே அமைந்த கருவிகளும் உண்டு. வங்காளப் பகுதியில் அடைக்கோழிக்காகச் செய்யப்படும் ‘ஹாஜல்’ அவற்றுள் குறிப்பிடத்தக்கது. களிமண்ணும் சாணமும் வைக்கோலும் பிசைந்து வனைந்த அகன்ற அடைகலம் அது. அதன் மேம்பட்ட வடிவத்தில், விளிம்பை ஒட்டி இரு சிறு கிண்ணங்கள் இருக்கும். ஒன்று தீனிக்கு, மற்றொன்று தண்ணீருக்கு. அடையிருக்கும் 21 நாளும் கோழி இரைதேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை, முட்டைகள் குளிர்வதில்லை, தாயின் உடல் மெலிவும் குறைகிறது. வடகிழக்கு மாநிலங்களில் கால்நட்டு உயர்த்திய மூங்கிற் கூடுகளின் தளம் இடைவெளி விட்டு அமைக்கப்படுகிறது. எச்சம் கீழே விழுந்துவிடும், கூடு உலர்ந்திருக்கும், கீரியும் நாயும் எளிதில் அணுகமாட்டா. இவற்றுக்குப் பின்னால் இருப்பது தற்செயல் அன்று, நெடுநாள் கூர்நோக்கு.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேள்வி மாறியது. இன்றைய உத்தரப்பிரதேசத்தின் எட்டா நகரில் கிறித்தவ மிஷன் நடத்திய கோழிப்பண்ணை, வெளிநாட்டு இனங்களைக் கொண்டு நாட்டுக்கோழியை ‘மேம்படுத்த’ முனைந்தது. விடுதலைக்குப் பின் ஆய்வு நிறுவனங்கள் வளர்ந்தன. 1979இல் இஜத்நகரில் மத்தியப் பறவையின ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது. ஹைதராபாத்தில் இயங்கிய கோழியினத் திட்ட இயக்ககம் கொல்லைப்புற வளர்ப்புக்கென ‘வனராஜா’, ‘கிராமப்பிரியா’ ஆகிய இனங்களை உருவாக்கியது. நாட்டுக்கோழியைவிட இவை கூடுதலாக முட்டையிடுகின்றன. ஏழைக் குடும்பத்திற்கு அது சிறிய பயன் அன்று.

ஆயினும் இம்மாற்றத்திற்கு ஒரு விலையுண்டு. அடையில் அமரும் காலத்தில் கோழி முட்டையிடாது. ஆகவே முட்டை எண்ணிக்கையை நாடும் இனவிருத்தியில் அடைகாக்கும் இயல்பு குறைந்துபோகிறது. அடைக்கோழி இல்லாத வீட்டில் ஹாஜலுக்கு வேலையில்லை. அடுத்த தலைமுறைக் குஞ்சு வீட்டில் பொரிவதில்லை. பொரிப்பகத்திலிருந்து வர வேண்டும். குஞ்சுக்குத் தாயின் சிறகும் இல்லை, மின்விளக்கு வேண்டும். எந்த முட்டையை அடைக்கு வைப்பது, எதைச் சந்தைக்கு அனுப்புவது என்ற முடிவு வீட்டுப் பெண்ணின் கையிலிருந்து நழுவுகிறது. ஒரு மண்கலம் மறைவதோடு, இனப்பெருக்கத்தின் மீதிருந்த உரிமையும் இடம்பெயர்கிறது.

இது பழங்கதையும் அன்று. 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் 85.18 கோடிக் கோழியினப் பறவைகளுள் 31.7 கோடி கொல்லைப்புறத்தில் வளர்பவை. 2012ஐ நோக்க இவை ஏறத்தாழ 46 விழுக்காடு பெருகியுள்ளன. வணிகப் பண்ணைகளின் வளர்ச்சியோ ஏறத்தாழ 4.5 விழுக்காடே. பறவைகளை எண்ணிய அக்கணக்கு, அவை அடையும் கூடுகளை எண்ணவில்லை. இன்று அறுத்த பிளாஸ்டிக் குடுவை தண்ணீர்க்கலம் ஆகிறது. அட்டைப்பெட்டியும் ஒரு குண்டு விளக்கும் தாயின் வெப்பத்தைத் தருகின்றன. மீன்பொறியைக் கோழிக்கூடையாக்கிய அதே அறிவின் தொடர்ச்சிதான் இது.

வட்டார அகராதிகளைத் தொகுப்போரும் பொருள்சார் பண்பாட்டை ஆய்வோரும் செய்யத்தக்க பணி ஒன்று இங்கே காத்திருக்கிறது. கூடையின் பெயர், அதன் விட்டம், பின்னல், வைக்கும் முட்டைகளின் எண்ணிக்கை, அதைக் கற்பித்தவர் யார் என்பவற்றை ஊர்தோறும் பதிவுசெய்தல் வேண்டும். அடைவைக்கத் தெரிந்த தலைமுறை இன்னும் நம்மிடையே உள்ளது.