ஒருவழிப் பாதையில் ஒரு மூதாட்டி

பம்பலப்பிட்டியில் காலி வீதியைக் கடப்பதற்காக ஒரு மாலைப்பொழுதில் மஞ்சட்கடவை ஓரத்தில் நின்றிருந்தேன். அருகே மருந்துப் பையுடன் ஒரு மூதாட்டி. பஸ் ஒன்று எமக்காக நின்றது. சாரதியும் கையைக் காட்டினார். மூதாட்டி எனக்கு முன்பாகவே இறங்கி நடந்தார். பஸ்ஸின் மறுபக்கத்தால் சீறிவந்த மோட்டார் சைக்கிள் அவரது சேலைத் தலைப்பை உரசிக்கொண்டு பறந்தது. மயிரிழையில் தப்பினார். அக்கரை சேர்ந்த பின் மூச்சு வாங்கியபடி அவர் சொன்னது இதுதான்: "வாகனம் ஒரு பக்கத்தாலதானே தம்பி வருது, பயமில்லையெண்டு நினைச்சன்."

அந்த நினைப்பு அவருக்கு மட்டும் உரியதன்று. ஒருவழிப் பாதை பாதுகாப்பானது என்பது நம்மெல்லோரிடமும் ஊறிப்போன எண்ணம். ஆனால் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், நடப்பவரைக் காப்பதற்காக இந்த ஏற்பாடு பிறக்கவில்லை என்பது தெரியவரும்.

1617ஆம் ஆண்டில் இலண்டனில், தேம்ஸ் நதியை அண்டிய ஒடுங்கிய சந்துகள் சிலவற்றில் வண்டிகள் ஒரு திசையில் மட்டுமே செல்லவேண்டுமெனக் கட்டளை பிறந்தது. துறைமுகச் சரக்கேற்றிய வண்டிக்காரர் எதிரெதிரே வந்து முட்டுப்பட்டு, வழிவிட மறுத்துச் சச்சரவு செய்ததே காரணம். அச்சந்துகளுள் ஒன்று புடிங் லேன். 1666இல் இலண்டனை எரித்த பெருந்தீ மூண்டதும் அதே சந்தில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பமார்ல் வீதி ஒருவழியானது. அங்கிருந்த றோயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ஃப்ரி டேவி ஆற்றிய விஞ்ஞானச் சொற்பொழிவுகளைக் கேட்கச் சீமான்களின் குதிரை வண்டிகள் குவிந்து வீதியை அடைத்தமையே அதற்குக் காரணம். சரக்குக்காகவும் சாரட்டுகளுக்காகவும் செய்யப்பட்ட ஒழுங்கு அது. கால்நடையாக வந்தவரைப் பற்றி எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

மோட்டார் வாகனம் வந்தபின் நெரிசலோடு வேகமும் சேர்ந்துகொண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய வட அமெரிக்காவில், புறநகரிலிருந்து காரில் வருவோரை விரைவாக நகருக்குள் கொண்டுவந்து, மாலையில் அதே விரைவில் வெளியே அனுப்புவதற்கென அருகருகே ஓடும் இரு வீதிகளைச் சோடியாக ஒருவழிப்படுத்தினர். நியூயோர்க்கில் ஐந்தாம் அவெனியூவும் மடிசன் அவெனியூவும் 1966 ஜனவரி 14ஆந் திகதி ஒருவழியாக்கப்பட்டன. அப்போது போக்குவரத்து ஆணையாளராக இருந்தவர் ஹென்றி பார்ன்ஸ். சந்தியில் எல்லா வாகனங்களையும் ஒரே நேரத்தில் நிறுத்தி, பாதசாரிகளைக் குறுக்கும் நெடுக்குமாக நடக்கவிடும் முறையை முன்னர் டென்வர் நகரில் பரப்பியவரும் அவரே. நடப்பவரை மறவாத அந்த மனிதரும், பெருவீதிகளில் வாகன ஓட்டத்துக்கே வழிவிட்டார்.

ஐந்தாம் அவெனியூ என்றதும் இன்னொரு சம்பவம் நினைவுக்கு வருகிறது. அது இருவழியாக இருந்த காலத்தில், 1931 டிசம்பர் 13ஆந் திகதி இரவு, அங்கே டாக்சியிலிருந்து இறங்கி வீதியைக் கடந்த வின்ஸ்டன் சேர்ச்சிலை ஒரு கார் மோதித் தள்ளியது. நடுவீதியில் நின்றவர் இங்கிலாந்துப் பழக்கத்தில் இடப்பக்கம் பார்த்தார். கார் வந்ததோ வலப்பக்கத்தால். பழக்கமே தன்னை ஏமாற்றியதெனப் பின்னர் அவரே எழுதினார். கண்ணுக்கு ஒரு திசையைப் பழக்கிவிட்டால் மறுதிசை அதற்கு இல்லாததாகிவிடுகிறது. ஒருவழிப் பாதை நமக்கு ஊட்டுவதும் இத்தகைய பழக்கத்தைத்தான்.

கனடாவின் உருக்குத் தொழில் நகரமான ஹமில்ரனின் கதை இன்னும் தெளிவானது. 1956இல் அதன் பிரதான வீதிகள் பல ஒருவழியாக்கப்பட்டன. அந்நகரில் 1978 முதல் 1994 வரை சிறுவர்கள் வாகனங்களால் காயமுற்ற சம்பவங்களை ஆராய்ந்த மருத்துவ ஆய்வொன்று 2000ஆம் ஆண்டில் வெளியானது. இருவழி வீதிகளைவிட ஒருவழி வீதிகளில் காய வீதம் 2.5 மடங்காக இருந்தது. வசதியான பகுதிப் பிள்ளைகளைவிட, மிக வறிய பகுதிப் பிள்ளைகளுக்கு அது மூன்று மடங்கு. காரில் விரைந்தவர் ஒருவர். அடிபட்ட பிள்ளை வேறொருவருடையது. அங்குள்ள மெயின் வீதியை மீண்டும் இருவழியாக்குவதென 2022இல்தான் மாநகரசபை தீர்மானித்தது.

ஏன் இவ்வாறு நிகழ்கிறது? எதிரே வாகனம் வராதென்ற உறுதி சாரதியின் காலை வேகமுடுக்கியில் அழுத்த வைக்கிறது. வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்தபின் வாகனம் ஓடும் தூரம் நான்கு மடங்காகிறது. அடுத்தது, ஒரே திசையில் மூன்று நான்கு நிரைகள் ஓடும்போது, ஒரு நிரையில் நின்ற வாகனம் அடுத்த நிரையில் வருவதை மறைத்துவிடுகிறது. மூதாட்டிக்கு நேர்ந்தது அதுவே. மூன்றாவது, சட்டத்தை மீறி எதிர்த்திசையில் நுழையும் முச்சக்கரவண்டி. ஒரு பக்கம் மட்டும் பார்த்துப் பழகியவர் அதனைக் காண்பதே இல்லை.

மறுபக்க நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஒருவழி வீதியில் நேருக்குநேர் மோதல் அரிது. சந்திகளில் வாகனங்கள் குறுக்கிடும் இடங்களும் குறைவு. ஒடுங்கிய தெருவில் மெதுவாக ஓடும் ஒருவழிப் போக்குவரத்து நடப்பவருக்கு நன்மையே. ஆபத்து, அகன்ற வீதியை ஒருவழியாக்கி ஓடுபாதைபோல் திறந்துவிடும்போதே தொடங்குகிறது. அமெரிக்காவின் லூயிவில் நகரில் 2011இல் இரு வீதிகளை மீண்டும் இருவழியாக்கினார்கள். ஆய்வாளர் கணித்தபோது விபத்துகள் ஒன்றில் 36 வீதமும் மற்றதில் 60 வீதமும் குறைந்திருந்தன. இத்தனைக்கும் அவ்வீதிகளில் வாகனங்களின் தொகை கூடியிருந்தது.

கொழும்புக்கு வருவோம். காலி வீதிக்குச் சமாந்தரமாக அமைந்ததனால் டுப்ளிகேஷன் றோட் எனப் பெயர்பெற்றதே இன்றைய ஆர். ஏ. டி மெல் மாவத்தை. கொள்ளுப்பிட்டிக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடையில் இவ்விரண்டையும் சோடியாக ஒருவழிப்படுத்தியபோது, வாகனத்தில் செல்வோர் நிம்மதியடைந்தனர் என்பதை மறுக்கமாட்டேன். பத்திரிகை அலுவலகத்துக்கு விரைந்த நாட்களில் நானும் அதன் பலனை அனுபவித்தவன். ஆனால் போகும் பஸ் ஒரு வீதியில், திரும்பும் பஸ் மறு வீதியில் என்றானபின், முதியவரும் பள்ளிப் பிள்ளைகளும் நடக்கவேண்டிய தூரமும் கடக்கவேண்டிய வீதிகளும் கூடின. அந்தக் கணக்கு யாருடைய பேரேட்டிலும் ஏறவில்லை.

எல்லாவற்றையும் மீண்டும் இருவழியாக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. கடவைகளுக்குச் சமிக்ஞை விளக்கும், நடுவில் நின்று மூச்சுவிட ஒரு திட்டும், கடவைக்கு முன்பாக வேகத்தைத் தணிக்கும் ஏற்பாடும், எதிர்த்திசையில் நுழைவோருக்குத் தவறாத தண்டமும் வேண்டுமென்றே கேட்கிறேன். ஒரு வீதி எத்தனை வாகனங்களை எத்தனை நிமிடத்தில் கடத்தியது என்று அளப்பதற்கு நானூறு ஆண்டுகளாகக் கற்றிருக்கிறோம். ஒரு மூதாட்டி அதனை அச்சமின்றிக் கடந்தாரா என்று அளப்பதற்கு இனியாவது கற்கவேண்டும்.

அதுவரை, ஒருவழிப் பாதையானாலும் இருபக்கமும் பார்த்தே காலை வையுங்கள்.