லாலியின் காலி கஜானா

கடற்கரையில் துய்ப்ளெக்ஸ் சிலையைப் பார்க்காத பாண்டிக்காரர் இருக்க முடியாது. ஆனால் அவருக்குப் பின்னால் வந்து இந்த ஊரையே பறிகொடுத்த லாலியைப் பற்றிப் பள்ளியில் படித்ததெல்லாம் இரண்டு வரிதான். முன்கோபி, யார் பேச்சையும் கேட்காதவர், வந்தவாசியில் தோற்றார். காமர்ஸ் படிக்கிறவன் கண்ணுக்கு வேறு ஒன்று தெரிகிறது நண்பர்களே... மனுஷன் கையில் காசே இல்லை!

1758 ஏப்ரலில் லாலி இங்கே வந்து இறங்கினார். ஜூனிலேயே கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டையைப் பிடித்துவிட்டார். அடுத்து நேராகச் சென்னைக்குப் போயிருக்க வேண்டும். தஞ்சாவூருக்குப் போனார். ஏன்? தஞ்சை ராஜா எப்போதோ எழுதிக் கொடுத்த 56 லட்சம் ரூபாய் கடன் பத்திரம் ஒன்று பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. அதை வசூல் பண்ண! பத்திரம் இருந்து என்ன? ராஜா பேச்சுவார்த்தையிலேயே நாளைக் கடத்தினார். வெடிமருந்தும் சாப்பாடும் தீர்ந்துபோய் ஆகஸ்டில் திரும்பி வந்தார் லாலி. சென்னையை முற்றுகையிட டிசம்பர் ஆகிவிட்டது. 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்து சேர, அதையும் கைவிட்டார்.

எதிர்த் தரப்பைப் பாருங்கள். 1757 பிளாசிக்குப் பிறகு மீர் ஜாபர் ஒப்பந்தப்படி ஆங்கிலக் கம்பெனிக்கு மட்டும் ஒரு கோடி ரூபாய். வங்காளத்திலிருந்து வந்த படைதான் 1759 ஏப்ரலில் மசூலிப்பட்டினத்தைப் பிடித்தது. பிரெஞ்சுக்காரர்களுக்கு வரிப்பணம் தந்துகொண்டிருந்த வட சர்க்கார் பகுதி அதோடு போயிற்று.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். ஏழாண்டுப் போரில் பிரிட்டனின் தேசியக் கடன் சுமார் 7.5 கோடி பவுண்டிலிருந்து 13 கோடிக்கு ஏறியது. ஆனாலும் வட்டி ஒழுங்காகப் போனதால் குறைந்த வட்டிக்கு மேலும் கடன் கிடைத்தது. பிரான்சோ 1759 கடைசியில் கொடுக்க வேண்டிய பாக்கிகளையே நிறுத்தி வைத்தது. 15ஆம் லூயி அரண்மனை வெள்ளிப் பாத்திரங்களை உருக்க அனுப்பினார். அதே அக்டோபரில் இங்கே சம்பளம் வராத பிரெஞ்சுச் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். மூன்று மாதம் கழித்து, 1760 ஜனவரி 22, வந்தவாசி. இரு பக்கமும் ஐரோப்பியச் சிப்பாய்களின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

லாலிக்கு வக்காலத்து வாங்கவில்லை. முற்றுகையில் தானியம் குறைந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட நம் ஊர் ஜனங்களை வெளியே துரத்தினார். ஆங்கிலேயப் படை தாண்ட விடவில்லை. ஒரு வாரம்போல நடுவிலேயே பட்டினி கிடந்தார்கள். இந்தச் செலவை யார் கணக்கில் எழுதுவது?

1761 ஜனவரி 16 அன்று ஊர் சரணடைந்தது. இந்த ஊரின் கதையை நாட்குறிப்பாக எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை அதற்கு நான்கு நாள் முன்புதான் இறந்திருந்தார். லாலியின் தலையை 1766இல் பாரீசில் வெட்டினார்கள். துய்ப்ளெக்ஸ், கம்பெனிக்காகப் போட்ட சொந்தப் பணத்தைத் திரும்பக் கேட்டுக் கேட்டே 1763இல் இறந்துபோனார். கோட்டையை ஆங்கிலேயர் தரைமட்டம் ஆக்கினார்கள். இன்று பாரதி பூங்காவில் நாம் உட்கார்ந்து கடலை கொறிக்கிறோமே, அந்தப் பக்கம்தான் அது இருந்தது.