பெட்டி அங்கே, ஆள் இங்கே!

புதுக்கோட்டையிலிருந்து தெற்கே போனால் அரிமளம். அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில், மடியில் லேப்டாப்போடு ஒரு கல்லூரிப் பையன் உட்கார்ந்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி தட்டுகிறான். என்டர். இரண்டு விநாடி. அவ்வளவுதான், பையன் இப்போது மும்பையில் இருக்கிற ஒரு கம்ப்யூட்டருக்குள்ளே இருக்கிறான்!

இதில் வேடிக்கை என்னவென்றால், மும்பையில் அப்படியொரு கம்ப்யூட்டரே கிடையாது. தேடிப் போய்த் தொட்டுப் பார்க்கலாம் என்றால் முடியாது. ஒரு பெரிய இயந்திரத்துக்குள், 'நான் தனி இயந்திரமாக்கும்' என்று நடித்துக்கொண்டிருக்கும் பல போலி இயந்திரங்களில் அதுவும் ஒன்று. விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். மெய்நிகர் இயந்திரம் என்று அழகாகத் தமிழிலும் சொல்லலாம்.

'என்னமோ புதுசு புதுசா வருதுப்பா' என்று வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெரியவர் சொல்லக்கூடும். ஆனால், உட்கார்ந்த இடத்திலிருந்து தூரத்துப் பெட்டியை ஆட்டிவைப்பது அந்தச் சீமைக்குப் புதுசே அல்ல!

நகரத்தார் ஊர்களின் பட்டியலில் அரிமளமும் உண்டு. அந்த ஊர்களின் முதலாளிகள் பலருக்குக் கடை இருந்தது ரங்கூனிலும் மோல்மேனிலும் பினாங்கிலும் சைகோனிலும். முதலாளி இங்கே இருப்பார். அங்கே கடையை நடத்துவது மேலாள் என்கிற ஏஜென்ட். அவருக்குக் கீழே அடுத்தாள். கடைசியில், பணப்பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து தொழில் பழகும் பெட்டியடிப் பையன். ஏஜென்டுக்கு மூன்று வருஷக் கணக்கு. கையில் முதலாளி கொடுத்த அதிகாரப் பத்திரம். ஊருக்குத் தவறாமல் கடிதமும் ஐந்தொகையும் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு கடைக்கும் தலையெழுத்துகளைக் கோத்துச் செய்த ஓர் அடையாளம் உண்டு. அதன் பெயர் என்ன தெரியுமா? 'விலாசம்'!

இதையெல்லாம் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். விலாசம், ஆள், அதிகாரப் பத்திரம், பெட்டி. நம் திண்ணைப் பையனுக்கும் இதே நாலும்தான் தேவைப்படப் போகிறது.

சரி, கம்ப்யூட்டர் சமாசாரத்துக்கு வருவோம். தூரத்திலிருந்து ஒரு கணக்கு இயந்திரத்தை இயக்கிக் காட்டிய முதல் மனிதர் அமெரிக்காவின் ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ். பெல் ஆய்வகத்துக்காரர். 1937-ல் சமையலறை மேஜை மேல் டெலிபோன் ரிலேக்களை வைத்து ஒரு குட்டி கூட்டல் கருவி செய்தவர். 1940 செப்டம்பர் 11. டார்ட்மவுத் கல்லூரியில் கணித மேதைகளின் மாநாடு. ஸ்டிபிட்ஸின் இயந்திரமோ நியூயார்க்கில், முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். தூக்கிக்கொண்டு வர முடியாது. என்ன செய்தார்? மாநாட்டு அரங்கில் ஒரு டெலிடைப்பை வைத்து, டெலிபோன் கம்பி வழியாக நியூயார்க்கோடு கோத்துவிட்டார். இங்கே கேள்வியைத் தட்டினால், அங்கே கணக்குப் போட்டு இங்கே விடை அச்சாகிறது! தட்டிப் பார்த்தவர்களில் நார்பர்ட் வீனர் ஒருவர், பின்னாளில் எனியாக் கம்ப்யூட்டரை உருவாக்கிய ஜான் மாக்லி இன்னொருவர்.

இருபத்தொன்பது வருஷம் கழித்து, 1969 அக்டோபர் 29 இரவு, லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சார்லி க்ளைன் என்ற மாணவர் ஸ்டான்ஃபோர்டு ஆய்வகத்துக் கம்ப்யூட்டருக்குள் நுழையப் பார்த்தார். அடிக்க நினைத்தது 'லாகின்'. முதல் இரண்டு எழுத்து போய்ச் சேர்ந்ததும் அந்தப் பக்கத்து இயந்திரம் படுத்துவிட்டது. இன்டர்நெட்டின் பாட்டியான அர்ப்பாநெட்டில் போன முதல் சேதி 'லோ'! ஆரம்ப நிலை ஆசாமிகள் முதல் முயற்சியில் தோற்றால் வெட்கப்படவே வேண்டாம்.

இயந்திரத்துக்குள் இயந்திரம் என்ற யோசனை இதற்கும் மூத்தது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் ஒரு ஹால் நிறைய நிற்கும். விலையோ கேட்கவே வேண்டாம். ஆளுக்கொன்று யார் தருவார்? ஐ.பி.எம்.மின் கேம்பிரிட்ஜ் ஆய்வு மையத்தில் ராபர்ட் க்ரீஸி, லெஸ் கோமோ ஆகியோர் ஒரு தந்திரம் செய்தார்கள். 1967-ல் ஓடத்தொடங்கிய சி.பி.-40 என்ற அவர்களது ஏற்பாட்டில், ஒரே இயந்திரத்துக்குள் பதினாலு பேர் வரை தனித்தனியாக 'இது முழுக்க என்னுடைய கம்ப்யூட்டர்' என்று நம்பிக்கொண்டு வேலை பார்க்கலாம். ஒருவர் தன் பகுதியைக் கவிழ்த்தாலும் மற்றவருக்குத் தெரியாது. ஒரே வீட்டுக்குள் பல குடும்பங்கள், தனித்தனி அடுப்பு வைத்துப் புழங்குகிற மாதிரி.

நம்மூருக்கு இது எப்போது வந்தது? 1995 ஆகஸ்ட் 15. வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்ட நாள். மெட்ராஸும் அந்த முதல் பட்டியலில் இருந்தது (அப்போது சென்னை ஆகவில்லை). மலிவான இணைப்புக்கு 'ஷெல் அக்கவுன்ட்' என்று பெயர். மோடம் கீச்சுக்கீச்சென்று கத்தி முடித்ததும், நீங்கள் வி.எஸ்.என்.எல்.லின் யூனிக்ஸ் கம்ப்யூட்டருக்குள் இருப்பீர்கள். படம் கிடையாது, வெறும் எழுத்து. மடல் படிப்பதும் அங்கேதான், வலை மேய்வதும் அங்கேதான். உங்கள் மேஜையில் இருப்பது சும்மா ஒரு ஜன்னல். அரிமளத்துக்காரர் சேர வேண்டுமென்றால், மெட்ராஸுக்கு எஸ்.டி.டி. போட்டுத்தான் உள்ளே போயிருக்க வேண்டும். நிமிஷத்துக்கு நிமிஷம் மீட்டர் ஓடும்போது ஷெல்லாவது, கில்லாவது!

அதே 1995-ல் ஹெல்சின்கியில் ஒரு திருட்டு. அந்நாளில் தூரத்து இயந்திரத்துக்குள் போகும் 'டெல்நெட்' வழியில், பாஸ்வேர்டு அப்படியே தபால் கார்டில் எழுதினது மாதிரி போகும். வழியில் நின்று எவன் வேண்டுமானாலும் படிக்கலாம். படித்தார்கள். ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ உட்கார்ந்து பாஸ்வேர்டுகளை உறிஞ்சிக்கொண்டிருந்தது தெரிய வந்தது. அங்கே இருந்த தாது ஈலோனனுக்குப் பொறுக்கவில்லை. சேதியைப் பூட்டி அனுப்பும் எஸ்.எஸ்.ஹெச். என்ற புரோகிராமை எழுதி ஜூலையில் இலவசமாக வெளியிட்டார். டெல்நெட்டின் வாசல் எண் 23, கோப்பு மாற்றும் எஃப்.டி.பி.க்கு 21. நடுவே 22 காலியாக இருந்தது. முறைப்படி கேட்டார், கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் நம் பையன் தட்டுகிற கதவு அதே 22-தான்.

பையன் என்ன செய்கிறான் என்று பார்ப்போம். வாடகை மெஷின் எடுத்தபோது அவனுக்கு ஒரு விலாசம் வந்தது: புள்ளி வைத்த நாலு எண்கள். பயனர் பெயர் ஒன்று. அப்புறம் ஒரு சாவிக் கோப்பு. இந்தச் சாவி ஜோடியாகப் பிறக்கும். ஒரு பாதி அந்த மெஷினில், மறுபாதி இவனிடம். இவன் பாதியை யாருக்கும் காட்டக்கூடாது. கோப்பை மற்றவர்களும் படிக்கும்படி சாதாரணமாகப் போட்டு வைத்தால், எஸ்.எஸ்.ஹெச். 'அனுமதி ரொம்பத் திறந்து கிடக்கிறது' என்று முறைத்துக்கொண்டு உள்ளே விடாது. புதுசாகக் கற்பவர்களில் பாதிப்பேர் முதல் நாள் முட்டிக்கொள்வது இந்தச் சுவரில்தான். முதல் தடவை போகும்போது இன்னொன்றும் கேட்கும்: 'இந்த மெஷினின் கைரேகை இது, நம்பலாமா?' எல்லோரும் பார்க்காமலே 'யெஸ்' அடிக்கிறோம். ரங்கூன் கடிதத்தில் இருப்பது தன் ஏஜென்டின் கையெழுத்துதானா என்று பார்க்காமல் எந்த முதலாளியாவது பணம் அனுப்பியிருப்பாரா?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். கற்றுக்கொண்ட புதிதில், பாதுகாப்பு முக்கியமாச்சே என்று ஃபயர்வாலை இறுக்கினேன். இறுக்கியதில் 22-ம் எண் வாசலும் சேர்ந்து மூடிக்கொண்டது. வீட்டுக்குள் சாவியை வைத்துப் பூட்டிவிட்டு வெளியே நிற்கிற கதி! ஓடிப்போய் ஜன்னலைத் தட்டலாம் என்றால், வீடு எங்கே இருக்கிறது? கடைசியில் அந்த மெஷினையே அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எடுத்தேன். உள்ளே இருந்த இரண்டு மாத வேலை போச்சு. நகல் எடுத்து வைக்கவில்லை.

தூரத்துச் சொத்தின் சிக்கல் இது. பர்மாவில் 1930-ல், முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில், சாகுபடி நிலத்தில் 6 சதவிகிதம் செட்டியார்கள் கையில் இருந்தது. கடன் வாங்கியவர்கள் திருப்பிக் கட்ட முடியாமல் போனதில், 1938-ல் அது 25 சதவிகிதம். பர்மிய விவசாயிக்கு அது பறிபோன நிலம். செட்டிநாட்டு முதலாளிக்கு ஐந்தொகையில் ஏறிய ஓர் எண். 1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பான் குண்டு விழுந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியே நடந்தார்கள், வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். பெட்டியும் பத்திரமும் அங்கேயே நின்றுபோயின. யுத்தத்துக்குப் பிறகு சுதந்திர பர்மா நிலங்களையும், 1963-ல் வங்கிகளையும் அரசுடைமை ஆக்கியது. இங்கே கணக்குப் புத்தகங்கள் மட்டும் மிச்சம்.

நம் காலத்திலும் கம்பி அறுவது உண்டு. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே கடலடிக் கேபிள்கள் அறுந்து, இந்தியாவின் இன்டர்நெட் கணிசமாகப் படுத்தது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் நகல் ஒன்றை வேறு ஊரில் வைக்கிறார்கள்.

திண்ணைப் பையன் வேலை முடித்து லேப்டாப்பை மூடுகிறான். தம்பி, ஒரு நிமிஷம். நீ மூடியது ஜன்னலைத்தான். மும்பையில் மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, வாடகையும்! வாடகைக்காரரின் பக்கத்துக்குப் போய் 'நிறுத்து' கொடுத்துவிட்டு வா. அப்படியும் உள்ளே இருக்கும் டிஸ்குக்குத் தனி வாடகை உண்டு, மாசக் கடைசியில் பில்லைப் பார்த்துக் கத்தாதே.