40 வேலியும் 3 நிமிஷமும்

கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தைப் பக்தி நூலாக மட்டும் படிப்பவர்கள் அதிலுள்ள நிலக்கணக்கை விட்டுவிடுகிறார்கள். பெரிய புராணத்தில் இல்லாத பண்ணை வேதியரைக் கொண்டுவந்தவர் பாரதி. சிதம்பரம் போக அனுமதி கேட்கும் பண்ணையாள் முதலில் 40 வேலியைப் பயிரிட்டு அறுத்துத் தர வேண்டும். மணிக்கணக்கில் நடக்கும் கதாகாலட்சேபத்தில் இந்தப் பேரத்துக்கு இடமிருந்தது. கிராமபோன் தட்டின் ஒரு பக்கமோ சுமார் 3 நிமிஷம். அதில் இறைஞ்சும் கீர்த்தனை அடங்கும். 40 வேலி அடங்காது. கச்சேரி மேடையும் கீர்த்தனையையே எடுத்துக்கொண்டது. 1935இல் 'பக்த நந்தனா'ரில் நடிக்க கே.பி. சுந்தராம்பாளுக்கு 1 லட்ச ரூபாய். குரலுக்கு விலை ஏறியது.

1970களில் நியூயார்க்கின் கறுப்பர் தெருக்களில் பிறந்த ராப், தமிழில் இதே வழியில் வந்து நிற்கிறது. 2021இல் வந்த 'என்ஜாய் எஞ்சாமி'யை எழுதிய அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டியையும் நிலமற்றவர்களையும் அதில் வைத்தார். கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். அந்த ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் உடன் பாடிய தீ இருந்தார், அறிவு இல்லை. எதிர்ப்பு எழுந்த பிறகே அவர் படத்தோடு ஓர் அட்டை வந்தது. தங்கள் மூவருக்கும் அந்தப் பாட்டால் வருமானமே வரவில்லை என்று 2024இல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் சொன்னார்.

கம்பெனிகள் செய்தியை அமுக்குகின்றன என்பது சுலபமான வாதம். கடலூரில் வங்கிப் பேரேடு எழுதும் எனக்கு வேறு விதமாகத் தோன்றுகிறது. செய்தியைத் தாராளமாக விற்கிறார்கள். சொன்னவனின் பற்று வரவை மட்டும் தனியே கிழித்துவிடுகிறார்கள். நந்தன் கீர்த்தனைக்குத் தலையாட்டும் நாமும் 40 வேலியைப் பற்றிக் கேட்டதில்லை. இங்கே கல்யாண மண்டபங்களில் அறிவின் பாட்டுக்கு இப்போது ஆடுகிறார்கள்.