நரம்புச் செல்லில் கால்சியச் சமநிலை மீட்சி

மிகையாகத் தூண்டப்பட்ட நரம்புச் செல், தனக்குள் பாய்ந்த கால்சியம் அயனிகளை வெளியேற்றியும் உள்ளறைகளில் அடைத்தும் பழைய நிலைக்குத் திரும்பும் செயல். ஓய்வில் இருக்கும் செல்லுக்குள் கட்டுறாத கால்சியத்தின் செறிவு, வெளியே உள்ளதில் ஏறத்தாழ 10,000இல் ஒரு பங்கு. சவ்வின் வாயில்கள் திறந்ததும் கால்சியம் மடை திறந்த வெள்ளமாக உள்ளே இறங்குவது இதனால்தான்.

செல்லின் கால்சியத்தைப் பற்றிய அடிப்படைக் கண்டுபிடிப்புகளில் பல மூளைக்கு வெளியே நிகழ்ந்தவை. லண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர் தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்கவிட்டு ஆராய்ந்தார். அந்தக் கரைசல் குழாய்த் தண்ணீரில் கலக்கப்பட்டது என்பது அவருக்குப் பின்னரே தெரிந்தது. காய்ச்சி வடித்த நீரில் கலந்து பார்த்தபோது துடிப்பு தளர்ந்து நின்றது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியமே இதயத்தை இயக்கியது என்று 1883இல் எழுதினார். உடலியலில் இவ்வளவு பயன்தந்த கவனக்குறைவு அரிது.

செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்துக் கால்சியத்தை வெளியே தள்ளும் பம்பை 1966இல் ஹான்ஸ் ஷாட்ஸ்மன் மனித இரத்தச் சிவப்பணுக்களில் கண்டார். மூன்று சோடியத்தை உள்ளே விட்டு ஒரு கால்சியத்தை வெளியேற்றும் பரிமாற்றி, 1968இல் இதயத் தசையிலும் 1969இல் கணவாய் மீனின் பெரும் நரம்பிழையிலும் தென்பட்டது. பின்னதைக் கண்டவர்கள் பேக்கர், பிளாஸ்டீன், ஹாட்ஜ்கின், ஸ்டைன்ஹார்ட். அந்த இழை சில நேரம் ஒரு மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். அளவீட்டுக்கு அதைவிட வசதியான நரம்பு கிடைப்பது கடினம்.

பாய்ந்த கால்சியத்தை முதலில் கால்பிண்டின் போன்ற புரதங்கள் பற்றிக்கொள்கின்றன. பெருஞ்சுமையைப் பரிமாற்றி விரைவாக இறக்குகிறது. எஞ்சியதைப் பம்பு நிதானமாகத் துடைக்கிறது. செல்லின் உள்ளறையான எண்டோபிளாச வலையும் ஒரு பங்கை இழுத்துக்கொள்கிறது. சுமை மிகும்போது மைட்டோகாண்ட்ரியா வாங்கி வைத்துப் பிறகு சிறுகச் சிறுக விடுவதால், செறிவு பல நிமிடங்கள் தணியாமல் நிற்பதுண்டு. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கால்சியம் நுழையும் வாயிலான புரதம் 2011இல்தான் அடையாளம் காணப்பட்டது.

பக்கவாதத்தில் இரத்தம் தடைபட்டு ஏடிபி தீர்ந்தால் இந்த ஒழுங்கு குலைகிறது. சோடியம் உள்ளே தேங்க, பரிமாற்றி திசைமாறிக் கால்சியத்தை உள்ளே கொண்டுவருகிறது. கால்பெய்ன் என்னும் நொதி பரிமாற்றியையே வெட்டிவிடுகிறது. மிகைத்தூண்டல் செல்லைக் கொல்லும் என்பதை ஜான் ஓல்னி 1969இல் நரம்பைத் தூண்டும் வேதிப்பொருளான குளுட்டமேட்டைச் செலுத்திய எலிகளில் காட்டினார். 1987இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்டு தீவுச் சிப்பிகளை உண்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். சிலர் நினைவாற்றலை இழந்தனர். சிப்பிகளில் சேர்ந்திருந்த டோமாயிக் அமிலம் குளுட்டமேட்டைப் போலவே நரம்பைத் தூண்டுவது.

குளுட்டமேட்டால் திறக்கும் சவ்வு வாயில்களை அடைக்கும் மருந்துகள் பக்கவாதச் சோதனைகளில் தோற்றன. அவ்வகையைச் சேர்ந்த மெமாண்டின் அல்சைமர் நோய்க்குத் தரப்படுகிறது.