கோப்பு எங்கே இருக்கிறது?

பல வருஷங்களுக்கு முன்னால், தொலைவில் ஒரு சர்வரில் இருந்த கட்டுரையைத் திறந்து, இரண்டு மணி நேரம் திருத்தி, சேமித்து மூடினேன். மறுநாள் பார்த்தால் சர்வரில் பழைய கட்டுரையே இருந்தது. நான் திருத்தியது, என்னிடம் சொல்லாமல் தற்காலிக டைரக்டரியில் இறக்கி வைக்கப்பட்ட நகலை. கணினியை அணைத்துப் போட்டதில் அதுவும் போயே போச்சு. அன்னைக்கு அந்த எடிட்டரைத்தான் திட்டினேன். பிறகு பழைய கதையைத் தோண்டியபோதுதான், தப்பு அந்த ஒரு நிரலோடு நிற்கவில்லை என்று புரிந்தது.

1980-களின் நடுவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்எஃப்எஸ்ஸைக் கொண்டுவந்தபோது, யூனிக்ஸ் கெர்னலுக்குள் விஎஃப்எஸ் என்றொரு இடைத்தளத்தையும் வைத்தது. கோப்பு சொந்த வட்டில் இருக்கிறதா, அடுத்த கட்டடத்துக் கணினியில் இருக்கிறதா என்று நிரல் கவலைப்பட வேண்டாம். அருமையான ஏற்பாடு. ஆனால் மவுண்ட் செய்ய நிர்வாகி தயவு வேண்டும். ஒரு எஃப்டிபி தளத்தைச் சாதாரணப் பயனர் நினைத்த மாத்திரத்தில் மவுண்ட் செய்துகொள்ள முடியாது.

அதனால் வேலை கெர்னலிலிருந்து நிரல்களின் கைக்கு வந்தது. மிகேல் தெ இகாசா 1994-ல் தொடங்கிய மிட்நைட் கமாண்டரில், டார் பொதிக்குள்ளும் எஃப்டிபி சர்வருக்குள்ளும் சாதாரண டைரக்டரி மாதிரியே நுழையலாம். 1997-ல் அவரும் ஃபெடெரிகோ மேனாவும் க்னோம் திட்டத்தை ஆரம்பித்தார்கள். அங்கே இதே யோசனை க்னோம்-விஎஃப்எஸ் என்ற தனி லைப்ரரியாக வளர்ந்தது. 2001-ல் வந்த நாட்டிலஸ் கோப்பு மேலாளர் அதன் மேல்தான் நின்றது. கேடிஈ பக்கம் அதே வேலையை கேஐஓ பார்த்தது.

சிக்கல் இங்கேதான் ஆரம்பம். லைப்ரரியைப் பயன்படுத்துகிற நிரலுக்கு உலகமெல்லாம் கோப்பு. பயன்படுத்தாத நிரலுக்குச் சொந்த வட்டு மட்டும்தான். நாட்டிலஸில் கண்ணுக்குத் தெரிகிற கோப்பை இன்னொரு நிரலால் திறக்க முடியாது. திறக்கணும்னா யாராவது நகல் எடுத்துக் கொடுக்கணும். என் கட்டுரை தொலைந்தது இப்படிப்பட்ட ஒரு இடைவெளியில்தான். போதாக்குறைக்கு ஒவ்வொரு நிரலும் சர்வரோடு தனித்தனி இணைப்பு வைத்தது. ஒன்றில் உள்நுழைந்தது இன்னொன்றுக்குத் தெரியாது.

அலெக்ஸாண்டர் லார்சன் முன்னின்று செய்த மாற்று 2008-ல் க்னோம் 2.22-உடன் வந்தது. ஜிஐஓ என்ற இடைமுகம், அடித்தளமான ஜிலிப்புக்குள்ளேயே போனது. இணைப்புகளை ஜிவிஎஃப்எஸ் என்ற பின்னணிச் செயல்முறைகள் பார்த்துக்கொண்டன. ஒருமுறை உள்நுழைந்தால் எல்லா நிரல்களும் அதே மவுண்டைப் பகிர்ந்துகொள்ளும். ஜிஐஓ தெரியாத பழைய நிரல்களுக்காக ஃப்யூஸ் வழியாக ஒரு சாதாரணப் பாதையும் கிடைத்தது. லினக்ஸ் கெர்னலில் 2005-ல் ஃப்யூஸ் சேர்ந்திருந்ததால் இது முடிந்தது. ஆக, கெர்னலை விட்டுக் கிளம்பிய விஷயம், அதன் வாசலுக்கே திரும்பி வந்து நின்றது!

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது வேறொன்று. ‘எல்லாம் சொந்த வட்டு மாதிரியேதான்’ என்ற பாவனையை ஜிஐஓ கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. நெட்வொர்க் தாமதமாகும், நடுவில் அறுந்துபோகும். அதனால் காத்திருக்காமல் செய்யவும், பாதியில் ரத்து செய்யவும் வழி வைத்தார்கள். சேமிப்பதற்கென்றே ‘மாற்றி வை’ என்றொரு செயல் உண்டு. எழுதும்போது பிழை வந்தாலும் பழைய கோப்பு கெடாமலிருக்க அது முடிந்தவரை முயலும். நிரல் முன்பு வாங்கிய அடையாளக் குறியைச் சேர்த்துக் கொடுத்தால், இடையில் வேறு யாராவது கோப்பை மாற்றியிருந்தால் எழுத மறுத்துப் பிழை சொல்லும். கொடுக்காவிட்டால் அந்தச் சோதனை நடக்காது.

நீங்கள் நிரல் எழுதுகிறவர் என்றால், கோப்பைத் திறக்கிற வரியை விட மூடுகிற வரியை இன்னொரு தடவை பாருங்கள். அங்கே வருகிற பிழையைக் கவனிக்காமல் விட்டால், ‘சேமித்தாயிற்று’ என்று நம்பி ஒருவர் தூங்கப் போயிருப்பார்.